பெயர்ப்பலகையும் இரண்டாவது தம்ளரும்

1

காப்பி குடிக்கிறவன் காப்பிக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விளம்பரம், முத்திரை, பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பெயர் எல்லாமே விலையில் ஒரு பங்கு என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லிவிடுவான். தெரிந்த விஷயம் என்பதாலேயே இதைப் பற்றி யோசிப்பதை நாம் நிறுத்திவிட்டோம். ஏமாற்றுகிறவன் வியாபாரி, ஏமாறுகிறவன் வாங்குகிறவன் என்ற சூத்திரத்தோடு நம்முடைய விமர்சனம் திருப்தியடைந்துவிடுகிறது. இல்லாவிட்டால் 1899இல் வெப்லன் எழுதியதையும் 1979இல் பூர்தியூ எழுதியதையும் எடுத்து வைத்துக்கொண்டு, ருசி என்பது வர்க்கத்தின் அடையாளம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

எனக்குப் படுவது வேறு. தமிழ்நாட்டில் அன்றாட பானத்தின் மேல் பெயர் எழுதி விற்கும் காரியத்தை விளம்பரக் கம்பெனிகள் தொடங்கி வைக்கவில்லை. ஹோட்டல் வாசலில் தொங்கிய ஜாதிப் பலகை அவர்களுக்கு வெகு முன்னாலேயே அதைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் பலகையை வைத்து இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால், முத்திரைக்கு ஏன் காசு கொடுக்கிறோம் என்ற கேள்வியே வேறு கேள்வியாகிவிடுகிறது. யாரோடு சேர்ந்து குடிக்க விரும்புகிறோம் என்பதோடு, யார் குடித்த பாத்திரத்தில் குடிக்க மறுக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியதாகிறது.

2

காப்பிக்கு முன்னால் காலையில் குடித்தது நீராகாரம். முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர். அதற்கு விலை கிடையாது, பெயர் கிடையாது, கடையும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் அந்தந்த வீட்டு நீராகாரம் இருந்தது. ஒரு வீட்டு நீராகாரத்தை இன்னொரு ஜாதிக்காரன் குடிப்பானா என்ற கேள்வி எழவே இடமில்லை. மோருக்கும் பானகத்துக்கும் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலில் ஓர் இடம் உண்டு. ஆனால் அது தர்மம், வியாபாரமில்லை. அங்கும் யார் ஊற்றுவது, எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவது என்ற விதிகள் இருந்தன.

காப்பிச் செடி நமக்குப் புதிதல்ல. பாபா புடன் ஏழு விதைகளை ஏமனிலிருந்து சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்ற கதை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் தோட்டம் போட்டது 19ஆம் நூற்றாண்டில். ஆனாலும் விளைந்த காப்பி பெரும்பாலும் கப்பலேறிப் போயிற்று. தமிழ் மத்தியதர வீடுகளுக்குள், முக்கியமாகப் பட்டணத்து உத்தியோகஸ்தர் வீடுகளுக்குள், அது பழக்கமாக நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். இந்த நுழைவையும் அது கிளப்பிய கலவரத்தையும் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற அவருடைய நூல் 2000இல் வந்தது. நீராகாரத்தின் அழிவுக்காகப் புலம்பியவர்கள், காப்பியைக் கள்ளோடு ஒப்பிட்டவர்கள், பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்றவர்கள் என்று ஒரு கூட்டமே அன்று இருந்தது. காந்தியும், 1942இல் சிறையிலிருந்தபோது ஆரோக்கியம் பற்றி எழுதிய புத்தகத்தில், தேநீர், காப்பி, கொக்கோ மூன்றும் உடம்புக்கு வேண்டியதில்லை என்றார்.

யாரும் கேட்கவில்லை. காரணம் காப்பியின் போதை மட்டுமல்ல. நீராகாரம் குடிக்கிறவன் வயலுக்குப் போகிறவன். காப்பி குடிக்கிறவன் ஆபீஸுக்குப் போகிறவன் என்று ஆகிவிட்டது. வந்தவருக்குக் காப்பி கொடுத்தார்களா என்பது மரியாதையின் அளவுகோலாயிற்று. முதல் டிகாக்ஷன் யாருக்கு, இரண்டாவது டிகாக்ஷன் யாருக்கு என்று வீட்டுக்குள்ளேயே ஒரு வரிசை உண்டாயிற்று. மாமனாருக்கு வருவதும் வேலைக்காரிக்கு வருவதும் ஒரே பெயருள்ள பானம், பொருள் வேறு. சிக்கரி கலந்தது மட்டம், கலக்காதது உசத்தி என்ற பேச்சும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. நெப்போலியன் காலத்தில், 1806க்குப் பிறகு, கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் காப்பிக்குப் பதிலாக வறுத்துக் குடித்த கிழங்கு நம் ஊரில் குடும்ப கௌரவத்தை அளக்கும் கருவியானது விசித்திரம்தான்.

3

வீட்டில் இருந்தவரை இதெல்லாம் குடும்ப விவகாரம். காப்பி ஹோட்டலுக்கு வந்ததும் அது சமூக விவகாரமாயிற்று. சமைத்த பண்டத்தை, ஈரம் பட்ட பண்டத்தை, முகம் தெரியாதவன் கையிலிருந்து, காசு கொடுத்து, முகம் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது ஜாதி சமூகத்தில் சாதாரணக் காரியமில்லை. ரயிலும் கோர்ட்டும் கல்லூரியும் மனிதர்களை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து போட்டன. வெளியூரில் பசிக்கும், யார் சமைத்தது என்று விசாரிக்க முடியாது. இந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்ததுதான் 'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகை.

அந்தப் பலகை என்ன செய்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்ளே சமைக்கிறவன் யார் என்று விசாரிக்கும் தொல்லையிலிருந்து அது வாடிக்கையாளனை விடுவித்தது. சரக்கின் தரத்துக்கு ஒரு பெயர் உத்தரவாதம் கொடுத்தது. எந்த ஊரில் பார்த்தாலும் அதே உத்தரவாதம். முத்திரை என்று இன்று வியாபாரப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறார்களே, அதன் வரையறைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனி முத்திரை ஒருவனுக்குச் சொந்தம். இந்த முத்திரை ஒரு ஜாதிக்குச் சொந்தம். அதைப் பதிவு செய்யவோ தயாரிக்கவோ வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகளாகத் தயாராகிக் கிடந்த மூலதனம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்காமல் போகக் கூடாது. அந்த ஹோட்டல்களில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் பிராமணர்கள் அல்லர். பிராமணர்கள் மட்டுமே வந்திருந்தால் இத்தனை ஹோட்டல்கள் பிழைத்திருக்க முடியாது. பிராமணரல்லாதவர் காசு கொடுத்து உள்ளே போனார். பல இடங்களில் தனிப் பகுதியில் உட்கார வைக்கப்பட்டார். தன்னைத் தாழ்த்துகிற பலகைக்கே அவர் விலை கொடுத்தார் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஏன் கொடுத்தார்? சுத்தம் என்று அவரும் நம்பினார். ருசி என்று நம்பினார். அதைவிட, அங்கே போய்க் குடிப்பது தன்னை ஒரு படி உயர்த்துகிறது என்று நம்பினார். அவமதிப்பும் அந்தஸ்தும் ஒரே தம்ளரில் வந்தன.

பெரியார் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்ததை எதிர்த்த கிளர்ச்சி பலித்தது; 1941இல் அந்தப் பிரிவு போயிற்று. 1957இல் அவர் பலகைகளின் பக்கம் திரும்பினார். பல ஹோட்டல்காரர்கள் 'பிராமணாள்' என்ற சொல்லைத் தாங்களே அழித்துவிட்டார்கள். திருவல்லிக்கேணி முரளி கபே மறுத்தது. மாதக்கணக்கில் தினமும் தொண்டர்கள் அதன் எதிரே மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் பலகை மாறிற்று. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறைக்குப் போக வேண்டுமா என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் விற்கப்பட்டதே அந்தச் சொல்தான். காப்பியை விட்டுவிட்டுச் சொல்லோடு மல்லுக்கு நின்றது தந்திரமில்லை, தெளிவு.

சொல் போனதும் பொருள் போய்விட்டதா என்பது வேறு விஷயம். 2012இல்கூட ஸ்ரீரங்கத்தில் ஒரு பலகையை வைத்து இதே தகராறு எழுந்தது.

4

காப்பிக்கு ஜாதி இருந்தது. தேநீருக்கு இல்லை என்று நம் முற்போக்கு எழுத்தாளர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. காப்பி மேல்தட்டு, டீ பாட்டாளி. டீக்கடை பெஞ்சு நம் கதைகளில் ஜனநாயகத்தின் படிமமாகவே ஆகிவிட்டிருக்கிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லியாக வேண்டும்.

தேநீர் தானாக வந்து மக்கள் பானமாகவில்லை. 1903இல் ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் பிரசாரம் செய்ய ஏற்பாடாயிற்று. 1930களின் மந்தத்தில் உலக விலை விழுந்தது. 1933 சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு வரம்பு வைத்தது. மிஞ்சிய தேயிலையை யார் குடிப்பது? உள்ளூர் ஜனங்கள் குடிக்க வேண்டும். 1937க்குப் பிறகு தேயிலைச் சந்தை விரிவு வாரியத்தின் ஆட்கள் அடுப்பும் கெட்டிலுமாகத் தெருத்தெருவாக வந்து டீ போட்டுக் காட்டினார்கள், இலவசமாகக் கொடுத்தார்கள். ரயில் நிலையங்களில் டீ தயாரிக்கும் முறையை விளக்கும் எனாமல் பலகைகள் தொங்கின. அதே காலத்தில் அஸ்ஸாமில் இலையை நசுக்கிச் சுருட்டும் ஸி.டி.ஸி. இயந்திரம் வந்தது. குறைந்த தூளில் அதிகக் கோப்பை, கறுத்த நிறம், மலிந்த விலை. பாட்டாளியின் பானத்தைப் பாட்டாளி தேர்ந்தெடுத்தான் என்பதைவிட, தோட்ட முதலாளியின் மிச்சச் சரக்கு அவனிடம் வந்து சேர்ந்தது என்பது வரலாற்றுக்கு நெருக்கமானது.

அப்படி வந்து சேர்ந்தது கிராமத்துக்குப் போனபோது என்ன ஆயிற்று? இரண்டு தம்ளர் ஆயிற்று. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடித் தம்ளர், சேரிக்காரர்களுக்கு அலுமினியக் குவளையோ சிரட்டையோ. ஊர்க்காரன் பெஞ்சில் உட்காருவான், சேரிக்காரன் தள்ளி நின்றோ குந்தியோ குடிப்பான். குடித்ததைத் தானே கழுவி வைப்பான். விலை இருவருக்கும் ஒன்றே. ஒரே கொதிதண்ணீர், ஒரே தூள், ஒரே பால், ஒரே காசு. ஆனால் ஒருவன் காசு அவனுக்குச் சேர்ந்து உட்காருவதை வாங்கித் தந்தது. மற்றவன் காசு அதை வாங்க முடியவில்லை. பணம் எல்லோரையும் சமமாக்கிவிடும் என்ற பொருளாதாரச் சித்தாந்தம் பொய்த்துப்போகும் இடம் டீக்கடைதான்.

சட்டம் இதை அறியாமலில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், ஹோட்டலில் வைத்திருக்கும் பாத்திரங்களை உபயோகிக்கவிடாமல் தடுப்பதைக் குறிப்பாகவே குற்றமாக்கியது. பாராளுமன்றம் தம்ளரைப் பற்றிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதையே நாம் யோசிக்க வேண்டும். பிறகு பேப்பர் கப்பும் பிளாஸ்டிக் கப்பும் வந்தன. நகரத்துக்காரன் அதைச் சுகாதாரம் என்று வரவேற்றான். கிராமத்தில் பல கடைகளில் இரண்டாவது தம்ளரின் இடத்துக்கு அதுவே வந்தது: சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குத் தூக்கியெறியும் கப். கேட்டால் சுத்தத்துக்காக என்பார்கள். பிராமணாள் பலகையும் சுத்தத்துக்காக என்றுதான் சொல்லிற்று.

5

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. காசு கொடுத்து வாங்கும் பானம் சில சுவர்களை இடித்தும் இருக்கிறது.

லண்டன் காப்பி ஹவுஸ்களைக் கண்டு அரசன் இரண்டாம் சார்லஸ் பயந்தான். 1675 டிசம்பரில் அவற்றை மூடச் சொல்லி உத்தரவு போட்டான். எதிர்ப்பு கிளம்பியதும் ஜனவரியிலேயே அதை வாபஸ் வாங்கினான். ஒரு பென்னி கொடுத்தவன் எவனும் உள்ளே உட்கார்ந்து அரசியல் பேசலாம் என்பதுதான் பயத்தின் காரணம். ஹேபர்மாஸ் 1962இல் இந்த ஹவுஸ்களிலிருந்து பொதுவெளி என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். பெண்களுக்கு அங்கே இடமில்லை, பென்னி இல்லாதவனுக்கும் இடமில்லை என்று அவரை மறுத்தவர்கள் பின்னால் வந்தார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்மிடம் அந்த இடத்தை நிரப்பியது இந்தியா காப்பி ஹவுஸ். 1935இல் காப்பித் தீர்வைச் சட்டம், அடுத்த வருஷம் பம்பாயில் முதல் ஹவுஸ். யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை போனதும், 1942 சட்டத்தின் கீழ் காப்பி போர்டு விளைச்சலை மொத்தமாகச் சேகரித்து விற்கத் தொடங்கிற்று. இதுவும் மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிடும் ஏற்பாடுதான். ஆனால் தலைப்பாகை கட்டிய பணியாள், பீங்கான் கோப்பை, மலிவு விலை, ஒரு காப்பியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பாத நாகரிகம் எல்லாம் சேர்ந்து, அங்கே வாசலில் ஜாதி கேட்கப்படாத ஓர் இடம் உண்டாயிற்று. 1950களின் நடுவில் போர்டு ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, ஏ. கே. கோபாலனின் முன்முயற்சியில் தொழிலாளர்கள் கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம். அக்டோபரில் டில்லியில் சங்கத்தின் முதல் ஹவுஸ்.

1957 என்ற வருஷத்தைக் கவனியுங்கள். திருவல்லிக்கேணியில் பலகைக்காக மறியல் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில், பலகையில்லாத ஒரு கடையைத் தொழிலாளர்கள் சொந்தமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்ளரின் சமூக அர்த்தத்தை மாற்ற முடியும், அதற்கு யாராவது அமைப்பாகத் திரள வேண்டும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

நம்முடைய இலக்கிய வட்டங்களும் இப்படிப்பட்ட மேஜைகளைச் சுற்றித்தான் வளர்ந்தன. 1962இல் கதீட்ரல் ரோட்டில் திறந்து 2008இல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மரத்தடியில் பேசப்பட்ட கவிதையும் விமர்சனமும் கொஞ்சமல்ல. ஆனால் அந்த மேஜைக்கு யார் வர முடிந்தது, யார் வரத் தயங்கினார்கள் என்ற கேள்வியைப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கேட்பதில்லை. சிறுபத்திரிகை வாசகனும் ஒரு வட்டத்தில் சேர்வதற்குச் சந்தா கட்டுகிறவன்தான். வட்டம் இருப்பது குற்றமில்லை. வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

6

ஜாதிப் பலகை விட்டுப்போன இடத்துக்குக் கம்பெனி முத்திரை வந்தது. வரும்போது பழைய மூலதனத்தையும் எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சி நாட்களில் நரசூஸ் காப்பி விளம்பரம் 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு' என்றது. ஒரு ஜாதியின் பேச்சு மொழி, ஜாதியின் பெயரில்லாமல், தரத்தின் சான்றாகப் பயன்பட்டது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. நெடுஞ்சாலையெங்கும் முளைத்த 'கும்பகோணம் டிகிரி காப்பி' பலகைகளும், பித்தளை டவரா தம்ளரும் அதே காரியத்தைச் செய்கின்றன. டிகிரி என்பது பாலை அளந்த கருவியின் டிகிரி என்று சொல்வார்கள். இன்று அந்தச் சொல்லுக்குப் பாலோடு சம்பந்தமில்லை. ஓர் அக்ரகாரத்து நினைவைப் பத்து நிமிஷத்துக்கு வாடகைக்குத் தருகிறது.

1996இல் காப்பி போர்டின் ஏகபோகம் முழுவதுமாக முடிந்தது. அதே வருஷம் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் கபே காபி டே திறந்தது. உரிமையாளர் சிக்மகளூர்த் தோட்டக் குடும்பத்தவர். 2012இல் டாட்டாவோடு சேர்ந்து ஸ்டார்பக்ஸ் வந்தது. அங்கே உங்கள் பெயரைக் கேட்டுக் கப்பில் எழுதிக் கூப்பிடுகிறார்கள். கிராமத்துக் கடையில் பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை; எந்தத் தம்ளர் என்பது கடைக்காரனுக்கு முன்பே தெரியும். யார் மகன் என்று கேட்காத ஓர் இடத்துக்கு விலை கொடுக்கிற இளைஞனை வெறும் பகட்டுக்காரன் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அவன் வாங்குவதில் ஒரு விடுதலையும் இருக்கிறது. அந்த விடுதலை விலைப்பட்டியலோடு முடிந்துபோகிறது என்பதும் உண்மை.

ருசியால்தான் வாங்குகிறோம் என்பவர்களுக்கு 1985 கோகோ கோலா கதை போதும். பெயர் மறைத்துக் கொடுத்துப் பார்த்த சோதனையில் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் புதுக் கலவை ஜெயித்தது. ஏப்ரலில் பழையதை நிறுத்திப் புதியதை விற்றார்கள். அமெரிக்கர்கள் கொதித்தெழுந்தார்கள், 79 நாளில் பழையது திரும்பி வந்தது. நாக்கு ஒன்று சொன்னது, நினைவு வேறொன்று சொன்னது, நினைவு ஜெயித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் பெப்ஸியையும் கோக்கையும் மறுத்ததும், மார்ச் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னதும், விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளி மார்க்கின் பவண்டோவைத் தேடிக் குடித்ததும் இதே நினைவின் அரசியல்தான். அப்போது குடித்தது திராட்சை ருசியை அல்ல. தமிழன் என்ற சொல்லை.

7

கடைசியாக ஒரு முத்திரை. உலகச் சந்தையில் 'சிலோன் டீ' என்ற பெயருக்கு மதிப்புண்டு. இலங்கைத் தேயிலை வாரியத்தின் சிங்க முத்திரை அந்தப் பெயருக்குக் காவல். 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆயிற்று. தேயிலையின் பெயர் சிலோனாகவே தங்கிவிட்டது. பெயருக்கு விலை இருந்ததால் மாற்றவில்லை.

அந்தத் தோட்டங்களின் கதை காப்பியில் தொடங்குகிறது. காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் போனார்கள். பெரும்பாலோர் இரண்டாவது தம்ளரின் ஜனங்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கி வைத்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கூலிகள் அங்கேயே இருந்தார்கள். 1948இல் சுதந்திர நாட்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. மீந்திருந்தவர்களுக்கு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பறித்த இலைக்கு நாட்டின் பெயர் இருந்தது. பறித்தவளுக்கு நாடு இல்லை. லண்டனில் அந்தப் பெயருக்காக அதிகக் காசு கொடுத்தவன் ஓர் இடத்தின் நம்பகத்தன்மையை வாங்கினான். அந்த நம்பகத்தன்மையை உண்டாக்கிய கைக்கு அந்த இடத்தில் நிற்க உரிமையில்லை. முத்திரை என்பது சேர்த்துக்கொள்வதை விற்கும் சரக்கு என்றால், அதற்கான கச்சாப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

எனவே முத்திரையைப் பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. மனிதன் தனியாகக் குடிப்பதில்லை, யாரோடோ குடிக்கிறான். அந்த ஆசை இயற்கையானது, பழையது. நம் சமூகம் அந்த ஆசையை எப்போதும் யாரையோ வெளியே நிறுத்தித்தான் நிறைவேற்றியிருக்கிறது. பலகை, தம்ளர், பேப்பர் கப், சிங்க முத்திரை என்று வழிகள்தாம் மாறியிருக்கின்றன. 1957இல் இரண்டு இடங்களில் மனிதர்கள் இதை மாற்ற முடியும் என்று காட்டினார்கள். அவர்கள் காப்பியின் ருசியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.